கருவிக்குப் பின் வரும் ஆண்டுகள்

1980 செப்டம்பர் 13 அன்று, ஜெர்மனியின் கீல் நகரில், வயிற்றைத் திறக்காமலேயே ஒரு குடல்வால் வெளியே எடுக்கப்பட்டது. எடுத்தவர் குர்ட் ஸெம், மகளிர் நோய் மருத்துவர். குடல்வால் அன்று பொது அறுவை மருத்துவர்களின் ஆட்சிக்கு உட்பட்ட உறுப்பு. அதை வேறொரு துறைக்காரர், சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகள் வழியே குழாய்களை விட்டு எடுத்துவிட்டார் என்பதை ஜெர்மன் அறுவை உலகம் தாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, கீல் மகளிர் மருத்துவமனைக்குத் தலைவராக வந்த புதிதிலேயே, மூளையைப் பரிசோதித்துக்கொள்ளும்படி உடன் பணிபுரிந்தவர்கள் அவரிடம் கேட்டதுண்டு. புத்தி சரியாக இருக்கும் எவரும் துளை வழியாக அறுவை செய்யத் துணிய மாட்டார் என்பது அவர்கள் எண்ணம்.

ஸெம் மருத்துவம் படிப்பதற்கு முன் கருவி செய்யும் தொழில் கற்றவர். அவர் குடும்பத்தார் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனம் வைத்திருந்தார்கள். அவருடைய கண்டுபிடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் அடியில் அவர் கண்ட ஓர் ஆபத்தோ தடையோ இருந்தது. வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கினால்தான் உள்ளே பார்க்க முடியும். வாயு கூடினால் இதயமும் நுரையீரலும் திணறும். அழுத்தத்தை அளந்து, அளவு மீறாமல் கரியமில வாயுவைத் தானே செலுத்தும் இயந்திரத்தை அவர் வடிவமைத்தார். இன்று அறுவை அரங்குகளில் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குள் வயிறு நிலையாக நிற்பது அந்த யோசனையின் தொடர்ச்சிதான். கருத்தடைக்காகச் சினைக்குழாய்களை உயர் அலைவெண் மின்சாரத்தால் சுட்டபோது பக்கத்திலிருந்த குடலும் வெந்துபோன சம்பவங்கள் நடந்தன. அந்த மின்சாரத்தைக் கைவிட்டு, 100 டிகிரி வெப்பத்தில் திசுவை உறையவைக்கும் கருவியை அவர் செய்தார். இரத்தக் குழாயைக் கட்ட உள்ளே கை நுழையாது. முன்கூட்டியே முடிச்சுப் போட்ட நூல் கண்ணியைக் குழாய் வழியே இறக்கி இறுக்கும் முறையை உருவாக்கினார். பழகாத கை நோயாளியின் மேல் பழகக் கூடாது என்று, பயிற்சிக்கென்றே ஒரு பெட்டியையும் செய்தார்.

துளைவழி அறுவைக் கருவிகள் வளர்ந்த விதத்தை இந்த ஒரு மனிதரின் மேசையில் பார்க்கலாம். ஹங்கேரியின் யானோஷ் வெரெஷ் 1930களில் காசநோயாளிகளின் மார்புக்கூட்டில் காற்றைச் செலுத்தச் செய்த சுருள்வில் ஊசி, பின்னால் வயிற்றுக்குள் வாயு செலுத்தும் ஊசியாயிற்று. அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி அமைத்த உள்நோக்கி, மங்கலாகத் தெரிந்ததைத் துல்லியமாகக் காட்டியது. ஆனால் ஸெம்முக்கு வாய்த்த ஒரு வசதியைக் கவனிக்க வேண்டும். அவருடைய கருவிகளின் பிழைகளில் பெரும்பகுதி அறுவை மேசையிலேயே, மிஞ்சினால் அடுத்த சில நாட்களில், கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரத்தம் பீறிட்டால் உடனே தெரியும். குடல் வெந்திருந்தால் காய்ச்சல் காட்டிக்கொடுக்கும். பிழை தெரிந்ததால் அவரால் திருத்த முடிந்தது.

பிழை தெரிய ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ ஆகும் கருவிகளும் உண்டு. பெண்ணின் இடுப்புக்கூட்டுக்குள் வைக்கப்படும் கருவிகளின் வரலாறு பெரிதும் அத்தகையவற்றின் வரலாறுதான். அங்கே கண்டுபிடிப்பாளர்களுக்குத் திறமையில் குறைவு இருந்ததில்லை. வைத்த கருவி பின்னால் என்ன செய்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இருக்கவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய துயரங்கள் எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை.

இருமினால், தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும். பிரசவம் கண்ட பெண்களில் ஏராளமானோர் இதை யாரிடமும் சொல்லாமலே வாழ்நாளைக் கடத்துகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பணியாற்றிய ஆர்னல்ட் கெகல் 1948இல் இதற்கொரு வழி சொன்னார். தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரித்துப் பழகும் உடற்பயிற்சி அது. கூடவே, தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதைப் பயிற்சி செய்யும் பெண்ணே முள் அசைவில் பார்த்துக்கொள்ள ஒரு காற்றழுத்த மானியையும் அவர் வடிவமைத்தார். யாரையும் வெட்டாத, உடலில் எதையும் விட்டுச் செல்லாத கருவி. இன்றும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், அறுவைக்கு முன் குறைந்தது 3 மாதமாவது மேற்பார்வையுடன் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்கிறது. கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்ளே பொருத்தும் சிலிக்கோன் வளையத்துக்கும் இதே மதிப்பைத் தரலாம். இவற்றால் தீராதவர்களுக்குத்தான் அறுவை.

அந்த அறுவை முன்பு பெரியது. 1961இல் ஜான் பர்ச் விவரித்த முறையில் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையின் கழுத்தை மேலே தூக்கித் தைக்க வேண்டும். ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டெனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் 1990இல் வேறொரு கோணத்தில் யோசித்தார்கள். சிறுநீர்த்தாரைக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய இடம் அதன் நடுப்பகுதி. அங்கிருக்கும் தசைநார் தளர்வதே கசிவுக்குக் காரணம் என்றார்கள். அந்த இடத்தில், இழுக்காமல் இறுக்காமல், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல் அகலமுள்ள பாலிபுரொப்பிலீன் நாடாவை விட்டால் போதும். 1996இல் உல்ம்ஸ்டென் குழு முடிவுகளை வெளியிட்டது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, நோயாளி விழித்திருப்பார், மருத்துவர் இருமச் சொல்வார், அவர் இருமுவார், கசிவு நிற்கும் அளவுக்கு நாடா சரிசெய்யப்படும். ஏறக்குறைய அரை மணி நேரம். பலர் அன்றே வீடு திரும்பினார்கள்.

இது உண்மையான கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் தலைமுறை நோயாளிகளை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த நார்டிக் நாட்டு ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கசிவு திரும்பவில்லை. ஒரு சிறுபான்மைப் பெண்களுக்கு நாடா திசுவை அரித்து வெளியே வந்தது, நீங்காத வலி வந்தது என்பதும் அதே அளவு உண்மை. முதலில் சொன்னதைக் கொண்டு இரண்டாவதை மூடியவர்களும் உண்டு, இரண்டாவதைக் கொண்டு முதலாவதை மறுப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பெண்களுக்கு நன்மை செய்யவில்லை.

அந்த நாடா அமெரிக்கச் சந்தைக்குள் எப்படி வந்தது என்பதைப் பார்த்தால்தான் கோளாறின் வேர் தெரியும். அதற்கு 1971க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனத்தைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. கருப்பையில் பொருத்தும் அந்தச் சாதனத்தின் வால்நூல் பல நுண்ணிழைகளை ஓர் உறைக்குள் அடக்கியது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது யோனியிலிருந்த கிருமிகளைக் கருப்பைக்குள் இழுத்தது. தொற்றில் கருச்சிதைவுகள், மலட்டுத்தன்மை, மரணங்கள். 1974இல் விற்பனை நின்றது. வழக்குகளின் சுமையில் 1985இல் நிறுவனம் திவாலானது. கருவிகள் சந்தைக்கு வருமுன் அரசு பார்க்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1976இல் நிறைவேறியதற்கு இந்தச் சாதனம் ஒரு முக்கியக் காரணம்.

அதே சட்டம் ஒரு குறுக்குவழியையும் திறந்துவைத்தது. 510(கே) என்ற பிரிவின்படி, புதிய கருவி ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒன்றுக்குக் கணிசமாக ஒப்பானது என்று காட்டினால் போதும். பெரும்பாலான நேரங்களில் மனிதர்களிடம் புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை. குடலிறக்கத்துக்காக வயிற்றுச் சுவரில் வைக்கப்பட்டு வந்த வலைகளின் வழிவந்தவை இடுப்புக்கூட்டுக்குள் நுழைந்தன. 1996இல் புரோட்டஜென் என்ற பாலியஸ்டர் பட்டை அனுமதி பெற்றது. 1998இல் உல்ம்ஸ்டெனின் நாடா, புரோட்டஜெனுக்கு ஒப்பானது என்று சொல்லி அனுமதி பெற்றது. 1999 ஜனவரியில், திசுவை அரிக்கிறது என்று புரோட்டஜென் திரும்பப் பெறப்பட்டது. மூதாதை தோற்றுவிட்டது, ஆனால் அதைக் காட்டி உள்ளே வந்த வாரிசுகள் தாமாகவே மறுபரிசீலனைக்கு வரும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை.

அடுத்த தாவல்தான் பெருங்கேட்டில் முடிந்தது. மெல்லிய நாடா கசிவை நிறுத்துகிறது என்றால், அகன்ற வலை இறங்கிய கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்காதா? கேள்வி நியாயமானதுதான். கர்ப்பப்பை இறக்கத்துக்குத் தன் சொந்தத் திசுவை வைத்துத் தைக்கும் பழைய அறுவையில் சிலருக்கு மீண்டும் இறங்கிவிடுவது உண்டு. ஆனால் வயிற்றுச் சுவரும் யோனிச் சுவரும் ஒன்றல்ல. வயிற்றுச் சுவரில் வலைக்கு மேல் தடித்த திசு மூடியிருக்கும். வெட்டும் இடம் கிருமி நீக்கப்பட்டது. யோனிச் சுவரோ மெல்லியது, கிருமிகள் இயல்பாகவே வாழும் இடம், அசைவும் உறவும் உராய்வும் உள்ள இடம், மாதவிடாய் நின்றபின் இன்னும் மெலியும் இடம். வலையின் கண்கள் 75 மைக்ரானுக்கும் சிறியதாக இருந்தால் கிருமி ஒளிந்துகொள்ளும், கிருமியைத் தின்னும் வெள்ளணு உள்ளே நுழையாது. கண்கள் பெரிதாக இருந்தாலும், வலையைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து சுருங்கும்போது வலையும் சேர்ந்து சுருங்கும். அகலம் கூடக்கூட இவை எல்லாமே கூடும். நாடாவில் ஒரு சிறுபான்மைக்கு வந்த துன்பம், வலையில் அப்படியே சிறுபான்மையாக நிற்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

2005இல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் எதிகான் பிரிவு புரோலிஃப்ட் என்ற வலைத் தொகுப்பை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. தங்கள் முந்தைய கருவிக்கு ஒப்பானது என்று தாங்களே முடிவு செய்து, தனி அனுமதி கேட்காமலே விற்றார்கள். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை அனுமதித்தது 2008இல்தான். 2010இல் அமெரிக்காவில் சுமார் 75,000 பெண்களுக்கு இறக்கத்துக்காக யோனி வழியே வலை வைக்கப்பட்டதாக எஃப்.டி.ஏ. மதிப்பிட்டது. 2008 முதல் 2010 வரை அதற்கு வந்த புகார்கள், நாடாவும் வலையும் சேர்த்து, 2,874. 2008 எச்சரிக்கையில் சிக்கல்கள் அரிது என்று சொன்ன எஃப்.டி.ஏ., 2011இல் இறக்கத்துக்கான வலையைப் பொறுத்தவரை அவை அரிதல்ல என்று மாற்றிச் சொல்ல நேர்ந்தது. 2019 ஏப்ரலில் அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. அமெரிக்க நீதிமன்றங்களில் அதற்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்திருந்தன.

சரியான கேள்வியைச் சரியான முறையில் கேட்ட ஆய்வு பிரிட்டனிலிருந்து 2017இல் வந்தது. 35 மருத்துவமனைகளில் 1,300க்கும் மேற்பட்ட பெண்கள். சொந்தத் திசுவில் தைத்தவர்களையும் வலையோ ஒட்டுத்திசுவோ சேர்த்துத் தைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் வலை எந்தக் கூடுதல் பலனையும் தரவில்லை. வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலைச் சிக்கல் வந்தது. இந்த விடை, விற்பனை தொடங்குமுன் கிடைத்திருக்க வேண்டியது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்குவது புகார்களின் எண்ணிக்கை அல்ல. எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது என்று பல நாடுகளால் சொல்ல முடியாமற் போனதுதான். ஆஸ்திரேலிய செனட் 2018இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையின் தலைப்பே, வலை வைக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கையைப் பற்றியது. எண் கிடைக்கவில்லை. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் 2020 ஜூலையில் வந்த அறிக்கையும் அதே இருட்டைச் சந்தித்தது. ஸ்வீடன் இடுப்பெலும்பு மூட்டு மாற்று அறுவைகளுக்கு 1979 முதலே தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. எலும்பு மூட்டுக்கு இருந்த கணக்கு, அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் உறுப்புகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் இல்லை.

பதிவேடு இல்லாத இடத்தில் பெண்களே பதிவேடு ஆனார்கள். ஸ்காட்லாந்தில் எலைன் ஹோம்ஸும் ஆலிவ் மக்கில்ராயும் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 2014இல் அங்கே வலை அறுவையை நிறுத்திவைக்கும்படி மருத்துவமனைகளை அரசு கேட்டுக்கொண்டது. தனியாரிடம் பணம் கொடுத்து வலையை அகற்றிக்கொண்டவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தர 2022இல் தனிச் சட்டமே வந்தது. வைப்பதற்கு அரை மணி நேரம் ஆனதை எடுப்பதற்குப் பல அறுவைகள் தேவைப்பட்டன. திசு வலைக்குள் வளர்ந்து பிணைவதற்காகத்தான் வலை வடிவமைக்கப்பட்டிருந்தது; எப்படி எடுப்பது என்பதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவே இல்லை. வலிக்கிறது என்று சொன்ன பெண்களுக்கு வயதாகிவிட்டது, மனக்கவலை, கற்பனை என்ற பதில்களே பல ஆண்டுகள் கிடைத்தன என்பதை கம்பர்லெஜ் அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

வலை உடலில் தங்கிவிடும் பொருள். உடலில் எதையும் விட்டுச் செல்லாத கருவியிலும் இதே குறை எப்படி விளையும் என்பதற்கு மார்சலேட்டர் சாட்சி. துளைவழியாகக் கருப்பையையோ பெரிய நார்க்கட்டியையோ முழுதாக எடுக்க முடியாது. சுழலும் கத்தி கொண்ட குழாயால் அதை உள்ளேயே சீவிச் சீவி எடுப்பது மார்சலேட்டரின் வேலை. 2013 அக்டோபரில் பாஸ்டனில், மயக்கவியல் மருத்துவரான ஏமி ரீடுக்கு இப்படி அறுவை நடந்தது. நார்க்கட்டி என்று நினைத்ததற்குள் சார்கோமா என்ற புற்றுநோய் இருந்தது. கத்தி அதை வயிறெங்கும் சிதறடித்திருந்தது. அவரும், இதய அறுவை மருத்துவரான கணவர் ஹூமன் நூர்சாஷ்மும் போராட்டத்தில் இறங்கினார்கள். அறிகுறியற்ற சார்கோமா பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்றுகூட அதுவரை நோயாளிகளிடம் சொல்லப்பட்டு வந்தது. 2014 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. கணக்கிட்டபோது, நார்க்கட்டிக்காக அறுவைக்கு வருபவர்களில் சுமார் 350இல் ஒருவர் என்று வந்தது. ஏமி ரீடு 2017 மே மாதம் 44 வயதில் இறந்தார்.

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் இருக்கிறது. 1991 முதல் 2014 வரை எஃப்.டி.ஏ. 25 மின்மார்சலேட்டர்களை அனுமதித்தது. புற்றணுக்கள் சிதறியது பற்றிய முதல் புகார் அதற்கு வந்து சேர்ந்தது 2013 டிசம்பரில். இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்த மருத்துவமனையும் எந்த நிறுவனமும் சொல்லவில்லை. ஒரு நோயாளி மருத்துவராக இருந்ததால் வெளியே வந்தது.

தடுக்கும் வழி கற்பனைக்கு எட்டாததா என்றால் இல்லை. உடைப்பது உள்ளே என்றால் சிதறாமல் உடை என்ற பாடத்தைத் துளைவழி அறுவையின் வேறொரு மூலை முன்னரே கற்றிருந்தது. ஒட்டுண்ணியால் கல்லீரலில் வளரும் ஹைடாடிட் நீர்க்கட்டி வயிற்றுக்குள் உடைந்தால், ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். சிதறிய ஒட்டுண்ணி மறுபடி வளரலாம். கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு, கட்டியைத் துளைக்கும் குழாயைச் சுற்றியே உறிஞ்சும் அமைப்பைச் சேர்த்து, ஒழுகும் திரவம் வயிற்றில் விழுமுன் வெளியேறும்படி ஒரு கருவி செய்தார். பழனிவேலு ஹைடாடிட் அமைப்பு என்ற பெயரில் அது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மார்சலேட்டருக்கோ, கட்டியை மூடிய பைக்குள் வைத்துச் சீவும் ஏற்பாட்டை எஃப்.டி.ஏ. 2016இல்தான் அனுமதித்தது, அப்படிப்பட்ட பையுடன் மட்டுமே பயன்படுத்தச் சொன்னது 2020இல்.

இதற்கெல்லாம் விடை துளைவழி அறுவையை விட்டுவிடுவது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மார்சலேட்டர் எச்சரிக்கைக்குப் பின் மிச்சிகன் மாநிலத்தில் வயிற்றைத் திறந்து செய்யும் கருப்பை அறுவைகள் கூடின, அவற்றோடு சிக்கல்களும் கூடின. வலையைக் கண்டு பயந்து நாடாவையும் மறுத்த இடங்களில், கசிவோடு வாழும்படி விடப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். கணக்கு இல்லாதபோது முதலில் கண்மூடித்தனமான நம்பிக்கையும் பிறகு கண்மூடித்தனமான அச்சமும் வருகின்றன. ஒரு கருவி யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று பிரித்துச் சொல்ல ஆண்டுக்கணக்கான பதிவு வேண்டும். அந்தப் பதிவையும் கண்டுபிடிப்பின் ஒரு பாகமாகவே நான் கருதுகிறேன். அது இல்லாத கருவிக்குப் பாதி அனுமதிகூடத் தரக் கூடாது.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. கருவிகளால் விளையும் தீங்குகளைத் திரட்ட, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தை மையமாகக் கொண்டு 2015 ஜூலை முதல் ஒரு கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. திட்டம் இருந்தாலும், புகார் போனால்தான் அதற்கு உயிர். அமெரிக்காவில் இருபது ஆண்டு மௌனம் நிலவியதும் திட்டம் இருந்த காலத்தில்தான்.

ஆகவே இதைப் படிக்கும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். நாடா, வலை, எதுவாக இருந்தாலும், உடலுக்குள் ஒரு பொருள் வைக்கப்பட்டால் அதன் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாளை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்; வீடு திரும்பும்போது தரும் சுருக்க அறிக்கையோடு பத்திரப்படுத்துங்கள். அறுவைக்கு முன், இதை எடுக்க வேண்டி வந்தால் எப்படி எடுப்பீர்கள், யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வலி வந்தாலும் அந்தத் தாளோடு போய்ச் சொல்லுங்கள், அதைக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதும்படி மருத்துவரிடம் வற்புறுத்துங்கள்.